பேப்பரில் வராத சிரிப்பு

கோணப்பட்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் வெளியூர் வரைக்கும் பெயர் எட்டியது சிவனாண்டி, கிட்டப்பா, அங்குசாமி ஆகிய மூவருக்குத்தான். மூவருக்கும் பந்தல் போடுகிற வேலை. பந்தல் நன்றாகத்தான் நிற்கும். அதைக் கல்யாண வீட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்பதில்தான் அவ்வப்போது குழப்பம் வரும்.

அந்தச் சமயம் சிவனாண்டியின் மனைவி பவுனு அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். காரணம் பால். "பால் பொங்குதான்னு பார்த்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மனுஷன் இமை கொட்டாமல் பார்த்தார். பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பையும் அணைத்தது. அவள் திரும்பி வந்ததும், "நல்லாப் பொங்குச்சு. ஒரு சொட்டு விடாமப் பார்த்தேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போட்டன. சிவனாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பவுனு திட்டாத வீடு அவருக்கு வீடாகவே தெரியவில்லை.

மனசு கேட்காமல், டவுனில் ஓடிய 'தொந்திப் பேய் – இரண்டாம் பாகம்' படத்துக்கு அவளைக் கூட்டிப் போனார். துணைக்கு மற்ற இருவரும் வந்தார்கள். படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மந்திரவாதி கற்பூரம் ஏற்றுவார், பேய்க்கு வாயு பிரியும், கற்பூரம் அணையும். முதல் பாகத்தில் பேய் மட்டும். இதில் பேயின் மாமனாரும் வந்திருந்தார். மாமனார் தன் பங்குக்கு ஒன்று விட்டதில் குத்துவிளக்கே சாய்ந்தபோது, பவுனு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அதுவும் போதாமல் புருஷன் தோளில் அறைந்து அறைந்து சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில், "அந்த மாமனாரு அப்படியே உங்கப்பா மாதிரி இருக்காரு" என்றாள். சிவனாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் டீக்கடையில் கிட்டப்பா பேப்பரை விரித்தார். மூவரில் கண்ணாடி போட்டவர் அவர்தான் என்பதால் வாசிப்பது அவர் பொறுப்பு. 'நடுநிலையான்' என்ற பெயரில் எழுதும் விமர்சகர் படத்தைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். "முதல் பாகம் தலைவலி. இரண்டாம் பாகம் காய்ச்சலோடு வந்த தலைவலி. தியேட்டரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை."

மூவரும் டீயைக் கீழே வைத்தார்கள்.

"நாம சிரிச்சமேப்பா" என்றார் அங்குசாமி.

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அச்சுல வந்திருக்கே" என்றார் கிட்டப்பா.

"ஒருவேளை நாம படத்துக்கே போகலையோ?"

"போனோம். டிக்கெட்டு இந்தா பையில கிடக்கு. போனோம், ஆனா சிரிக்கலை."

"எனக்கு வயிறெல்லாம் வலிச்சதே?"

"அது இடைவேளையில தின்ன முறுக்கு."

சிவனாண்டியின் முகம் செத்துவிட்டது. "அப்ப பவுனும் சிரிக்கலையா?"

"ஒருத்தர்கூடன்னுதான போட்டிருக்கு. மதினியும் அதுல அடக்கம்ணே" என்றார் கிட்டப்பா.

"பஸ்ல எங்கிட்டப் பேசுனாளே?"

"சிரிச்சதாலதான பேசுனாங்க. சிரிக்கவே இல்லைன்னா எப்படிண்ணே பேசியிருப்பாங்க?"

இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. சிவனாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"சாப்பிட வாங்க" என்றாள் பவுனு.

பேசாத மனைவிக்கு எப்படிப் பதில் சொல்வது? அவர் கிட்டப்பாவைப் பார்த்தார். கிட்டப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதினி, நீங்க இன்னும் அண்ணன்கிட்டப் பேசலை. பேப்பர்ல வந்திருச்சு" என்றார்.

"இப்பப் பேசிக்கிட்டுத்தானய்யா நிக்கிறேன்?"

"அது எங்கிட்ட, மதினி."

பவுனு அடுக்களைக்குள் போனாள். பாத்திரங்கள் மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்தன. "பேப்பர்காரன் எம்புட்டுச் சரியா எழுதியிருக்கான் பார்த்தியா" என்று அங்குசாமி வியந்தார். சிவனாண்டி மூலையில் உட்கார்ந்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் இருவரும் வழி கண்டுபிடித்தார்கள். இன்னொரு முறை போய், பவுனு சிரிக்கிறாளா என்று சாட்சியோடு பார்த்துவிட வேண்டும். பவுனிடம் கேட்டதற்கு, "மாமனாரை இன்னொருக்கப் பார்க்கலாம்னா வாரேன். உங்க அண்ணனுக்காக இல்லை" என்றாள்.

தியேட்டரில் சாட்சிகள் இருவரும் பவுனுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, திரைக்கு முதுகைக் காட்டி, நாற்காலி மேல் மோவாயை வைத்துக்கொண்டு பவுனின் வாயையே பார்த்தார்கள். சிவனாண்டி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். மாமனார் வந்தார். குத்துவிளக்கு சாய்ந்தது. பவுனு கன்னத்தை உப்பவைத்து அடக்கிக்கொண்டாள். அப்போது பார்த்து, சரியாகத் தெரியவில்லை என்று கிட்டப்பா டார்ச் லைட்டை அவள் பல்லுக்கு நேராக அடித்தார். அவ்வளவுதான். பவுனு சிரித்த சிரிப்பில் வரிசையே ஆடியது.

"சிரிப்புதாண்ணே. கடைவாய்ப் பல்லுவரைக்கும் பார்த்துட்டேன்" என்றார் கிட்டப்பா.

"அச்சுல வரட்டும்" என்றார் சிவனாண்டி. பாவம், பயந்த மனுஷன்.

வரும் வழியில் இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பவுனு பார்சலைப் பிரித்தாள். இலைக்கு வெளியே பழைய பேப்பர் சுற்றியிருந்தது. அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு பேப்பரை நீவிப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தாள்: "கோணப்பட்டி பவுனு தியேட்டரில் சிரித்தாள். புருஷனோடு பேசிவிட்டாள்."

சிவனாண்டி குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அடக்கி வைத்த பேச்செல்லாம் மடை திறந்துகொண்டது. பால் கோபம் போய்விட்டதா, அதுவும் போட்டிருக்கிறதா, அப்பாவைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, போட்டோ போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இட்லி ஆறியது.

"கீழே இன்னொரு வரி இருக்கு. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடணுமாம்" என்றாள் பவுனு.

சிவனாண்டி சட்டென்று உதட்டை இறுக மூடினார். ஒரு விள்ளல் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து மூடிய வாயில் வைத்து அழுத்தினார். போகவில்லை. சாம்பார் மோவாயில் இறங்கிச் சட்டைக்குள் போனது. பவுனு சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தாள்.

"இது ஆகுற காரியமாப்பா?" என்றார் அங்குசாமி.

"ஆகாததையா அச்சுல போடுவான்?" என்று கிட்டப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "அண்ணே, வாயைத் தொறந்துராதீங்க. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."