முள்வேலிக்குள் செவந்தி

மடத்துச் செவந்திப் பாத்தியைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வேலி போட்டவர் ஆவுடையப்பன். சீடர்களில் வயதில் மூத்தவர். குரு உலகம்மையே அவருக்கு இளையவர்தான். ஊரில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் அது என்று அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. பக்கக் கன்று கேட்டு வந்தவர்களை, பிரித்தால் தாய்ச்செடி மெலிந்துபோகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். சமையல்காரி பேச்சித்தாயும் ஒருமுறை கேட்டாள். அடுப்பு ஊதுகிறவளுக்குப் பூந்தோட்டம் எதற்கு என்று அவள் வாயை அடைத்தார்.

தை பிறந்தது. பாத்தியில் பேருக்குப் பூத்தது, அதுவும் கருகல். சமையல்கட்டுக்குப் பின்னால் ஓட்டைத் தகர டின்னில் அதே மஞ்சள் பொங்கிக் கிடந்தது.

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேச்சித்தாயைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குருவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் மறுக்கவில்லை. கேட்டு வாங்கிய செடியைவிடக் களவாண்ட செடிதான் தழைக்கும் என்று ஊரில் சொல்வார்களே என்று முணுமுணுத்தாள்.

"மடத்துச் சோத்தைத் தின்னுட்டு மடத்துலயே கை வைக்கா. இவளை இன்னைக்கே அனுப்புங்க. இல்லன்னா நான் போறேன்."

குரு பேச்சித்தாயைக் கடிந்துகொண்டார். அவள் கண் கலங்கித் தலைகுனிந்தாள். ஆவுடையப்பனுக்கு அது போதவில்லை.

உலகம்மை பாத்திக்கு நடந்தார். முள்ளைக் காலால் ஒதுக்கி, செவந்திப் புதரை ஒரு கையால் பிடித்து இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. வருஷக்கணக்காகப் பிரிக்காமல் நெருக்கியடித்துக் கிடந்த வேரில் மழைத்தண்ணீர் தேங்கி, எல்லாம் கறுத்து அழுகியிருந்தது.

"இதுல உசிருள்ள கன்னு ஒண்ணு எடுத்துக் குடுங்க, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் கிளறிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"அதுக்காக அவ செஞ்சது சரின்னு ஆயிருமா?"

"ஆகாது. களவு களவுதான்."

"பின்னே?"

"பாத்தி வெறுசாக் கெடக்கு. அவகிட்டப் போயி ஒரு கன்னு கேளுங்க."

"களவாணிகிட்ட நான் கையேந்தணுமாம்மா?"

உலகம்மை கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"கேக்க மனசு வரலைன்னா, அவ செஞ்ச மாதிரியே நீங்களும் செஞ்சுக்கிடுங்க, அண்ணாச்சி."