லாரியில் வந்த அசல்

“அப்பா காருல தேஞ்சதையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு மாட்டு. ஆனா ‘அசல் பழைய கார்’ கோப்பை நமக்குத்தான் வரோணும். வரலைன்னா பட்டறையைக் காலி பண்ணிக்க,” என்றார் மில் முதலாளி தெய்வசிகாமணி.

“ஸ்டியரிங்கையாவது பழுது பார்த்துக்கலாமுங்க. உங்கப்பா கட்டைவிரல் பட்டுத் தேஞ்ச பள்ளம் இருக்குதுங்க,” என்றான் மெக்கானிக் இஸ்ரவேல்.

“சொன்னதைச் செய்யப்பா.”

செய்தான். துருவேறிக் கழலாததையெல்லாம் அறுத்தே எடுத்தான்.

பழைய கார் கண்காட்சியில் அந்தக் கார் பளபளவென்று நின்றது. அதன் பின்னால் ஒரு குட்டி லாரியும் நின்றது. காரைச் சுற்றிவந்த நடுவர் கேட்டார்: “இதில் அசல் எங்கே?”

“லாரியில இருக்குதுங்க,” என்றான் இஸ்ரவேல். “ஒரு போல்ட்டுகூட விடலைங்க.”

கூட்டம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. லாரியில் ஏறிப் பார்த்துவிட்டு, கோப்பையைப் பழைய இரும்புக் குவியலின் மேல் வைத்தார்.

“கோப்பை வந்துட்டுதுங்க, முதலாளி.”

தெய்வசிகாமணி லாரியருகே வந்தார். கோப்பையைத் தொடவில்லை. ஸ்டியரிங்கின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

“எல்லாத்தையும் திருப்பி மாட்டிப்போடு, இஸ்ரவேலு.”

“அறுத்துட்டேனுங்களே.”

முதலாளி விரலை எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இஸ்ரவேல் தோளிலிருந்த துண்டை உதறி, குவியலில் கிடந்த அறுபட்ட பெடல்களின் மேல் வெயில் படாமல் விரித்தான்.