காலி இடம் வச்ச தேர்ச்சீலை

ஒரே ஒரு ஊர்ல சிலம்பாயி, சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். சாமித் தேருக்குச் சீலை தைக்கிறவ. அந்த ஊரை ஆண்ட ராஜா என்ன பண்ணான், ஏரிக்கு வர்ற ஆத்துத் தண்ணியை மொத்தமா தன் பூந்தோட்டத்துக்குத் திருப்பிக்கிட்டான். வயல் காஞ்சுது, மாடு காஞ்சுது, மனுசரும் காஞ்சு போனாங்க. சிலம்பாயி புருசன் போய், "ராஜா, ஏரி..."ன்னு வாயைத் தொறந்தான். அவ்வளவுதான். அவனை நாடு கடத்திட்டு, இனிமே ஏரின்னு எவன் சொன்னாலும் இதே கதின்னு தமுக்கடிச்சுட்டாங்க.

சிலம்பாயி நல்லா அழுதா. அழுது முடிச்சுட்டு ஊசியை எடுத்தா. தேரோட்டம் வருதே, சீலை வேணுமே. ஊர்ப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா. ராஜாவோட காவக்காரன் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்தான். ஒரு வீட்ல, "என்ன தைக்கிறே?" "மீனுங்க." அடுத்த வீட்ல, "நீ என்ன தைக்கிறே?" "கொக்குங்க." அதுக்கும் அடுத்த வீட்ல, "நீ?" "மாடுங்க, பாத்தா தெரியலையா?" மீனுல என்ன குத்தம், கொக்குல என்ன குத்தம்? ராஜாகிட்ட போய் ஒண்ணுமில்லைன்னுட்டான், அந்தப் புத்திசாலி.

தேரன்னிக்குத் துண்டையெல்லாம் சேத்துத் தைச்சுத் தேர்ல ஏத்தினாங்க. எட்டு ஊர் சனமும் அண்ணாந்து பாத்துச்சு. மீன் வாயைப் பொளந்து கிடக்கு, கொக்கு வெறும் மண்ணைக் கொத்துது, மாடு நாக்கைத் தொங்கப் போட்டு நிக்குது, நடுவுல பெரிசா ஒரு காலி இடம், அங்க ஒரு நூல்கூட ஓடலை. அந்தக் காலி இடம் எதுன்னு பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு.

முதல் வடம் ராஜாதான் பிடிக்கணும், அதுவும் வெறுங்கால்ல. பிடிச்சான். அந்த ஊர் வழக்கம் என்னன்னா, தேர்ல ஏறின சீலையைத் தேர் நிலைக்கு வர்றவரை இறக்கக் கூடாது, தைச்சு முடியாத சீலையோட தேரை இழுக்கக் கூடாது, வடம் பிடிச்சவன் பாதியில விடவும் கூடாது. மாட்டிக்கிட்டான் பாத்தியா?

ராஜா வடத்தைப் பிடிச்சும் சனம் இழுக்கலை. "ஏன் இழுக்க மாட்டேங்கிறீங்க?"ன்னான்.

"சீலை முடியலையே ராஜா"ன்னா சிலம்பாயி.

"முடிச்சுத் தொலையேன்."

"நாங்க கண்ணால பாத்ததைத்தான் தைப்போம் ராஜா. மீனைப் பாத்தோம், தைச்சோம். கொக்கைப் பாத்தோம், தைச்சோம். மாட்டைப் பாத்தோம், தைச்சோம். இந்த இடத்துல இருந்ததைத்தான் காணோமே, எப்படித் தைக்க?"

வெயில் ஏறுது, ராஜாவுக்குக் கால் சுடுது, நாக்கு ஒட்டுது. "கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னான். "தண்ணிக்கு நாங்க எங்க போவோம் ராஜா?"ன்னு எல்லாரும் கையை விரிச்சாங்க. அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. "ஏரிக்குத் தண்ணியைத் திருப்பி விடுங்க, இவ புருசனையும் கூட்டியாங்க"ன்னு ஊர் கேக்கச் சொன்னான். ஏரின்னு சொன்னது யாரு? அவனேதான்!

தண்ணி சலசலன்னு ஏரிக்குள்ள எறங்கினதைக் கண்ணால பாத்த பிறகுதான் சிலம்பாயி நீல நூலைக் கோத்தா. முதல் செம்புத் தண்ணி ராஜாவுக்குன்னு குடுத்து விட்டா, அவ மனசு அப்படி. ஆனா கை மட்டும் அவசரப்படலை. ஒவ்வொரு தையலா நிதானமா தைச்சா. அதுவரைக்கும் வடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான் ராஜா. தேர் நகர்ந்தப்போ அந்தப் பொம்பளைங்க எல்லாம் தலை நிமிந்து முன்னால நடந்தாங்க, பின்னால ராஜா.

ஏரியும் நெறஞ்சுது, சீலையும் நெறஞ்சுது, என் கதையும் நெறஞ்சுது. கண்ணை மூடுங்க.