வடிவாம்பாள் கை ஓய்ந்த கதை

முன்னொரு காலத்தில், மந்திரம் சொன்னால் மரக்குதிரை பறந்த காலத்தில், செம்பாறை நாட்டில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். எது உடைந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கதவா, வடிவு. கலப்பையா, வடிவு. ராஜாவின் கிரீடத்தில் கல் கழன்றதா, அதற்கும் வடிவு.

அவள் ஆசைப்பட்டுச் செய்ததாக நினைக்காதீர்கள். அது சாபம்.

சின்ன வயதில் அவள் செய்யாத சேட்டை இல்லை. பட்டத்து யானையின் மணியை அவிழ்த்து மந்திரியின் பல்லக்கில் கட்டினாள். அரண்மனைக் குளத்துத் தாமரையை மொட்டுகூட விடாமல் பறித்தாள். கடைசியாக, காரிருளன் என்ற மந்திரவாதியின் பறக்கும் மரக்குதிரையில் திருட்டுத்தனமாக ஏறி, புளியமரத்தில் மோதி அதன் கழுத்தை உடைத்தாள். "உடைத்த கை இனி ஓயாது. உடைந்ததைக் கண்டால் சரிசெய்யாமல் விடாது" என்று சபித்துவிட்டான் அவன்.

இருபது வயதில் அது வரம்போலத்தான் இருந்தது. அறுபதைத் தாண்டிய பிறகு? விரல் முட்டியெல்லாம் வீங்கிவிட்டன. அப்போதும் கை தானாக எழுந்து போகும். அவள் கண்ணயர்ந்தால் போதும், வாசலில் யாராவது ஓட்டைக் குடத்தோடு நிற்பார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாளாவது ஓய வேண்டும், அவ்வளவுதான்.

கணவன் சூரப்பன் அவள் கைகளைத் துண்டால் கட்டி மந்திரவாதியின் மலைக்குக் கூட்டிப்போனான். வழியில் அச்சு முறிந்த வண்டி, கை துடித்தது. வார் அறுந்த செருப்பு, கை துடித்தது. கூரை சரிந்த கோழிக்கூடு, துண்டே கிழியப் பார்த்தது.

"அன்னைக்குக் குதிரையில என்னையும்தானே பின்னால ஏத்திக்கிட்ட," என்றான் சூரப்பன். "விழுந்ததும் குதிரையத்தான் பாத்த. நான் மரத்துல தொங்குனதப் பாக்கல."

"பாத்தேங்க. பாவமா இருந்துச்சு, கட்டிக்கிட்டேன்."

சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது.

காரிருளனும் கிழவனாகியிருந்தான். கயிறு அறுந்து குழி விழுந்த கட்டிலில் கிடந்தான்.

"நான் போட்ட சாபமா? மறந்தே போச்சு தாயி," என்றான். "வழி ஒண்ணுதான். உடைஞ்சது ஒண்ண உன் கண்ணு முன்னால வேற ஒருத்தர் சரிபண்ணணும். அது முடியுறவரைக்கும் நீ கைக்கட்ட அவுத்துட்டு உக்காந்திருக்கணும். கை வைக்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. தவறுனா, சாகுறவரைக்கும் இதே கதிதான்."

சூரப்பன் மந்திரவாதியை இறக்கிவிட்டுக் கட்டிலைப் பார்த்தான். ஒரு ஆணிகூட அடித்தறியாத மனிதன் அவன். வடிவாம்பாள் கையில் கட்டிய துண்டைப் பல்லால் அவிழ்த்து, இரண்டு கைகளையும் தரையில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கயிற்றை இழுத்தான், தொங்கியது. மறுபடி இழுத்தான், சிக்கியது. மூன்றாம் முறை கோணலாகப் போனது. 'ஐயோ, மேலே விட்டு இழுங்க' என்று தொண்டைவரை வந்ததை அவள் விழுங்கினாள். அடியில் கை திமிறியது. பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. சாபம் இல்லாவிட்டாலும் அவனை ஒரு முடிச்சுப் போட விட்டிருப்பாளா? மாட்டாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பொழுது சாயும்போது அவன் கடைசி முடிச்சைப் போட்டான். கட்டில் ஒருபக்கம் மேடு, ஒருபக்கம் பள்ளம்.

"எப்படி இருக்கு?" என்றான் வியர்வையைத் துடைத்தபடி.

"படுக்கலாங்க," என்றாள். அடியில் திமிறிய கை அடங்கிவிட்டது. அவள் ஏறிப் படுத்து அங்கேயே தூங்கிப்போனாள். மந்திரவாதி பாயைத் தேடிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பியதும் வாசலில் அதே கூட்டம். "அவ தூங்குறா. குடுங்க, நான் பாக்குறேன்," என்றான் சூரப்பன். அவன் ஒட்டிய முதல் குடத்தைப் பார்த்ததும் எல்லாரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கச் சுத்தியல் சத்தம்.

"யாரோ ஆணியக் கோணலா அடிக்கிறாங்க," என்று முணுமுணுத்தாள் வடிவாம்பாள். புரண்டு படுத்தாள்.

அவள் தூங்கட்டும். நாமும் சத்தம் போடாமல் எழுந்து போவோம்.