ஒட்டுப் பிரியாத பெட்டி

என் மனைவி செண்பகவல்லியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆபரேஷன் அறை வாசலில். மேலே ஓடிய விசிறியைக் காட்டி, "இந்தச் சத்தத்துல எப்படிங்க பாட்டு பதியறது?" என்றாள்.

தொண்டையில் ஆபரேஷன். பிழைத்தாலும் குரல் இருக்காது என்றிருந்தார்கள். அதற்குள் பாடிப் பதிந்துவிட ஆசைப்பட்டாள். இசைக்கருவிக் கடை தனுஷ்கோடி எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். "இதுல பதிஞ்சா மாவு மில்லுல பாடின மாதிரி இருக்கும்." புதுக் கம்ப்யூட்டரையும் மைக்கையும் பெட்டியோடு இறக்கி வைத்து, "பத்து நாள் பாடிப் பாருங்க, அப்புறம் வாங்குங்க" என்றார்.

அவள் பழைய கம்ப்யூட்டரின் இரைச்சல் கேட்காதபடி அதை அடுக்களையில் வைத்து, வயரை நீளமாக இழுத்தாள். எதிரொலி வராமலிருக்கச் சேலை நிறைந்த பீரோவைத் திறந்து, அதற்குள் முகத்தை நீட்டி, எங்கள் சின்ன மைக்கில் பாடினாள்.

பத்தாம் நாள் தனுஷ்கோடி வந்து, பதிந்த பாட்டைக் கண்மூடிக் கேட்டார். "இதுதான் மெஷினு! உங்க பழசுல இந்தச் சுத்தம் வருமா தங்கச்சி?"

"வராதாண்ணே?"

"ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"அப்ப கட்டிலுக்கு அடியில இருக்கிற உங்க பெட்டியப் பாருங்கண்ணே. நீங்க ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு."

அவர் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. அதில் ஒன்பது பாட்டுகள் இருக்கின்றன. பீரோவிலிருந்து சேலைகளை நான் எடுக்கவில்லை.