ஒப்படைத்த துப்பாக்கி

மலையடிவாரத்தில் பூரணத்தம்மாள் என்றொரு ஞானி இருந்தார். அவருடைய சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். மலைமேல் மேலூத்துக்காட்டில் பலாவும் சாமையும் விளைவித்துவந்த சீடர் சடையப்பனுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

ஒருநாள் சடையப்பன் கலங்கிய முகத்தோடு இறங்கி வந்தார். அவர் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்தது, லைசென்ஸ் கிடையாது. போன பலாப்பழக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் செங்காயியைக் கரடி மறித்தபோது, அவர் வானத்தைப் பார்த்துச் சுட்டுத்தான் அவளைக் காப்பாற்றினார்.

இப்போது போலீஸ் ஜீப் ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போகிறது. மாதக் கடைசிக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஒளித்து வைத்தால் சிறை. ஊரார் ஒளிக்கத்தான் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டால் கரடிக்கு முன்னால் வெறுங்கைதானே என்கிறார்கள்.

"குடுக்கட்டுமா, ஒளிக்கட்டுமா, தாயி?"

"ஒளிச்சா எங்க ஒளிப்பீங்க?"

"மாட்டுக் கொட்டாய்க் கூரையில."

"போலீஸ் வந்து கேட்டா?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

"செங்காயிகிட்ட கேட்டா?"

"அவளும் இல்லைன்னுதான் சொல்லணும்."

"அந்தத் துப்பாக்கியால பிழைச்ச பொண்ணு, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லணும்."

சடையப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் துப்பாக்கியைத் துணியில்கூடச் சுற்றாமல் தோளில் சாத்திக்கொண்டு, ஊர் பார்க்க நடந்துபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். கையோடு லைசென்ஸுக்கும் எழுதிக் கொடுத்தார். அது எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஊரில் பலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கரடி வந்தால் சட்டத்தைக் கூப்பிடு என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். சடையப்பன் நல்ல தடியாக ஒன்று வெட்டி வாசலில் வைத்துக்கொண்டார்.

பலா பழுத்தது. ஒரு விடியற்காலையில் செங்காயி அலறுவது கேட்டது. சடையப்பன் தடியோடு ஓடினார். கரடிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே போய் நின்றார். கரடி அவர் தோளைக் கிழித்தது. அவர் விலகவில்லை. அவரோடு பேசாமல் இருந்தவர்கள் தீப்பந்தத்தோடும் தகரத்தைத் தட்டிக்கொண்டும் ஓடிவந்த பிறகுதான் அது காட்டுக்குள் திரும்பியது. செங்காயிக்குக் கீறல்கூட இல்லை.

செய்தி கேட்டுப் பூரணத்தம்மாள் மலையேறிப் போனார். சடையப்பன் தோளில் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரைக் கையமர்த்திவிட்டு, அவர் கால்மாட்டில் வெறும் தரையில் அம்மையார் உட்கார்ந்தார். கூட வந்த சீடர் பதறிப்போய்ப் பாய் தேடினார். அம்மையார் வேண்டாம் என்றார்.

சடையப்பன் கேட்டார்.

"நான் குடுத்தது சரிதானா, தாயி? அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அன்னைக்கு அடிவாரத்துல உட்கார்ந்துக்கிட்டு நான் பேசினேன். இங்க நின்னது நீங்க." அம்மையார் கை குவித்தார். "இதுக்கு மேல எது சரின்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். நான் கேட்டுக்கிறேன்."