ஊறவைத்த பம்ப் ரூம்

நெட்டூரணியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்தாவது மூளை ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

ஐவரில் சங்கிலிமுத்து பம்ப் ஆப்பரேட்டர். ஒருநாள் அவனுக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பழைய பம்ப் ரூமை வெள்ளிக்கிழமைக்குள் 'டெமாலிஷ்' செய்ய வேண்டும், தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் மாமனார் வீட்டில்தான் சோறு. மாமனார் வாசலில் மூன்று நாய். சங்கிலிமுத்து கடிதத்தோடு கூட்டாளிகளிடம் ஓடினான்.

ஐவரில் இங்கிலீஷ் தெரிந்தவன் போத்தியப்பன். மதுரையில் ஒரு பரோட்டாக் கடையில் இருபது நாள் மாவு பிசைந்தவன்.

"டெமாலிஷா? காலேஜ் பயலுக தினம் சொல்லுவானுக. 'மாப்ள, பன்னெண்டு பரோட்டாவ டெமாலிஷ் பண்ணிட்டேன்'னு. திங்கிறதுடா."

"ரூமையா?"

"கவர்மெண்டுல இதெல்லாம் சகஜம். ரோட்டைத் தின்னவன் இருக்கான், கண்மாயைத் தின்னவன் இருக்கான். நம்ம பங்குக்கு ஒரு ரூம்."

சங்கிலிமுத்துவுக்குச் சந்தேகம். ஆபீஸுக்குப் போன் போட்டான். குமாஸ்தா எரிந்து விழுந்தார்.

"டெமாலிஷ்னா தெரியாதா? ஃபினிஷ் பண்ணுய்யா. வைப் அவுட். மொத்தமாக் காலி பண்ணணும். ஒரு துண்டு மிச்சம் இருக்கக் கூடாது."

போனை வைத்தான். "திங்கிறதேதான். மிச்சம் வைக்காம வழிச்சுத் துடைக்கணுமாம்."

போத்தியப்பன் முதலில் ஒரு செங்கல்லைக் கடித்தான். பல் போயிற்று. செங்கல் இருந்தது.

"பச்சையாத் தின்னா அப்படித்தான்," என்றான் கொண்டல்சாமி. ஐவரில் அவனுக்குத்தான் சமையல் தெரியும். "கொண்டக்கடலையவே ஒரு ராத்திரி ஊறப் போடுறோம். இது அம்பது வருஷத்துச் சரக்கு. மூணு நாள் ஊறணும்."

ஊறவைப்பது சங்கிலிமுத்துவுக்குக் கைவந்த வேலை. பக்கத்தில் இருந்த புது மோட்டாரைப் போட்டு, மூன்று நாளும் குழாயைச் சுவரின்மேல் பிடித்தான். ஊருக்குக் குடிதண்ணீர் இல்லை. கேட்டவர்களிடம் "ரூம் ஊறுது" என்றான். உப்புப் போடுவதா, புளி கரைப்பதா என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டையும் ஊற்றினார்கள்.

அது மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர். உள்ளுக்குள் களியாகிவிட்டது. இவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இஞ்சினியர் ஜீப்பில் வந்தார். ரூம் நின்றது. அதன் எதிரே ஐந்து பேர் வாழையிலை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா இது?"

"இப்பத்தான் சார் பதமா ஊறியிருக்கு," என்றான் சங்கிலிமுத்து. "பொழுது சாயறதுக்குள்ள தின்னு முடிச்சிடுறோம். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

விஷயம் புரிய இஞ்சினியருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. தலையில் அடித்துக்கொண்டார்.

"டெமாலிஷ்னா இடிக்கிறதுய்யா. இடி."

"இடிக்கிறதா? டவுன் பஸ்ல தினம் செய்யிற வேலைல்ல," என்றான் போத்தியப்பன். "முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு பல்லு மிஞ்சியிருக்கும்."

ஐவரும் வரிசையாக நின்று தோளால் ஒரு இடி இடித்தார்கள். ஊறிய சுவர் பொத்தென்று உட்கார்ந்தது. கூரை அதன்மேல் படுத்தது.

இஞ்சினியர் வாட்சைப் பார்த்தார். அவர் சர்வீஸில் சொன்ன தேதிக்கு முடிந்த முதல் வேலை அது.

"உன் வேலை உனக்குத்தான்யா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பசி உயிர் போகுது. வாங்க, முதல்ல அந்த ரோட்டோர ஓட்டல்ல பிரியாணிய டெமாலிஷ் பண்ணுவோம்."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

இஞ்சினியர் கை கழுவித் திரும்புவதற்குள், ஓட்டல் வாசலில் இறக்கிவைத்த பிரியாணி அண்டாவை ஐந்து தோள்கள் ஒரே மூச்சில் இடித்தன. பிரியாணி நடுரோட்டில் கிடந்தது.

சங்கிலிமுத்து தோளில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டுப் பேனாவை நீட்டினான்.

"முடிஞ்சிருச்சு சார். இதை ஊறப்போடக்கூடத் தேவையில்லாமப் போச்சு."